தாடிக்குக் கீழே

நவம்பர் 12, 2001
ஓரினோகோ ஆறு எந்தக் கண்டத்தில் ஓடுகிறது என்று கேட்டேன். வகுப்பில் ஒருவனுக்கும் தெரியவில்லை. அவர்களுடைய அப்பன்களுக்கும் தெரியாது. அவர்களுக்கும் நான்தான் வாத்தியார்.
மாலையில் குத்துச்சண்டைக் கிளப்பிலிருந்து ஆள் வந்தது. ஆண்டு விழாவில் பழைய ஹெவிவெயிட்கள் இருவர் மூன்று சுற்று மோத வேண்டுமாம். ஒருவன் நான். இன்னொருவன் உர்பானோ கியாலா. வேறு யார்?

நவம்பர் 13
மறுபடியும் அதே நினைவு: கிங்ஸ்டன் போட்டி, 1979. கியூபா அணியில் நான் முதல் ஆள், உர்பானோ மாற்று ஆள். தங்கம் வெல்லும்வரை சவரம் செய்வதில்லை என்று புனித லாசரோவுக்கு நேர்ந்துகொண்டு போயிருந்தேன். அங்கே டாக்டர் என் மோவாயைத் தொட்டுப் பார்த்தார். தாடியோடு வளையத்தில் ஏறக்கூடாது, விதி. மழிக்க மாட்டேன் என்றேன். புனிதருக்குக் கொடுத்த வாக்கு! எனக்குப் பதில் உர்பானோ ஏறினான். தங்கம். பிறகு எத்தனையோ நாடுகள் போனான். நானும் போனேன் — வரைபடத்தில்.
அந்த டாக்டரை மன்னிக்கவில்லை. விதி எழுதியவனையும். பயிற்சியாளரையும் — செத்துவிட்டார், இருந்தாலும். புனிதரைப் பற்றி எழுத மாட்டேன்.

நவம்பர் 20
கயிறு தாண்டினேன். கீழ்வீட்டுக்காரி விளக்குமாற்றால் கூரையை இடித்தாள். அவளையும் மன்னிக்காதவர்கள் கணக்கில் சேர்த்தாயிற்று.
நெரெய்தா சொல்கிறாள்: "இருபத்திரண்டு வருஷமா மனசுக்குள்ளயே அவனோட சண்டை போட்டே. எப்பவும் நீதானே ஜெயிச்சே? அதோட விட்டுடேன்யா."
மனைவி!
ஒரு குத்து போதும் எனக்கு. அவன் வாயால் ஒத்துக்கொள்ளும்படி ஒரே ஒரு குத்து.

டிசம்பர் 8
ஆண்டு விழா. உர்பானோ தாடியோடு வந்தான்! முழுத் தாடி, நரைத்தது.
"என் வீட்டுக்காரி ஒனேலியா கண்ணு ஆபரேஷன் நல்லபடியா முடியணும்னு லாசரோவுக்கு நேர்ந்திருக்கேன். பதினேழாம் தேதி அவர் திருநாள்லதான் எடுப்பேன்" என்றான்.
கிளப் டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "தாடியோட ஏறலாமா? விதியெல்லாம் உங்களுக்குத்தானே தெரியும், வாத்தியாரே?"
"சொல்லுடா கெர்வாசியோ. சொன்னா நீ ஜெயிச்சே" என்றான் உர்பானோ.
"விழாச் சண்டைக்கு அந்த விதி கிடையாது, டாக்டர்."
பெருந்தன்மை ஒன்றும் இல்லை. சண்டை போடாமல் ஜெயித்தால் அவனை எப்போது அடிப்பது?
சண்டையில் கட்டிப்பிடித்தபோதெல்லாம் அந்தத் தாடி என் கன்னத்தைத் தேங்காய்போல் துருவியது. விதி எதற்கென்று புரிந்தது. எழுதியவனை மன்னித்துவிட்டேன். அவனை மட்டும்.
மூன்றாம் சுற்றில் என் இடது கை அவன் தாடையில் இறங்கியது. தோள்வரை உணர்ந்தேன். நடுவர் மூவரில் ஒருவர்கூடப் பார்க்கவில்லை! உர்பானோவுக்கே வெற்றி.
"இடது கை விழுந்துச்சா இல்லையா?" என்று கேட்டேன்.
"எப்போ? கொசு உக்காந்த மாதிரிகூட இல்லையேடா."

டிசம்பர் 9
கன்னம் எரிகிறது. கணக்கில் புதிதாக மூன்று நடுவர்கள்.

டிசம்பர் 17
முடி வெட்டக் காத்திருந்தேன். உர்பானோ கோயிலிலிருந்து நேராகச் சவரக்கடைக்கு வந்தான். கூடவே ஒனேலியா, கட்டுப் பிரித்த கண்ணோடு. என் முறையை அவனுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. புனிதர் விஷயம்.
தாடி இறங்கியது. ஒனேலியா குனிந்து பார்த்தாள்.
"என்னது இது, தாடைல? மஞ்சளா?"
"அழுக்கு" என்றான்.
நாவிதர் ஈரத் துண்டால் தேய்த்தார். போகவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தார்.
"ஆ! மெதுவாய்யா!" என்று கத்தினான். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்தான். "சரிடா, விழுந்துச்சு. மூணு நாள் ரொட்டியை ஊற வச்சுதான் தின்னேன். போதுமா?"
நாவிதரிடம் நாற்காலியைக் கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கம் திருப்பச் சொன்னேன்.