தலைக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர்

என் உயிரான அக்காவுக்கு,

நீ போன இடத்தில் தண்ணீர் எப்படி? உப்பா, நல்ல தண்ணியா? எனக்கு முதலில் இதைத்தான் கேட்கத் தோன்றுகிறது. நீ வாக்கப்பட்டுப் போன நாளிலிருந்து போனில் நான் கேட்டதும் இதுதானே. சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன்னால் "நல்ல தண்ணி வந்துச்சாக்கா" என்றுதான் ஆரம்பிப்பேன்.

உன் மகள் தர்ஷினி இப்போது உச்சிப்புளியில் என் வீட்டில் இருக்கிறாள். முழுப்பரீட்சை லீவு. மத்தியானச் சோறு தின்றுவிட்டு ஃபேனுக்குக் கீழே குப்புறப் படுத்துத் தூங்குகிறாள். அவள் தலையில் சீப்பில் பிடிபடுகிற அளவுக்குக்கூட முடி இல்லை. மாசிக் களரித் திருவிழாவில் உங்கள் குலசாமி கோயிலில் வைத்து மொட்டை போட்டுவிட்டார்கள். ஏன் என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கோபத்தில் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்.

சுருட்டை முடி சோறு போடும், கோரை முடி குடியைக் கெடுக்கும் என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். கோரை முடிக்காரி நான் வாக்கப்பட்ட வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறேன். உனக்கு உன் சுருட்டை முடி என்ன போட்டது? அய்யாவிடமிருந்து உனக்கு மட்டும் வந்த முடி அது. பள்ளிக்கூடத்தில் பரட்டை என்று கூப்பிட்டு உன்னை அழவைத்தார்கள். அம்மா காய்ந்த தலையில் சீப்பைப் போட்டு இழுப்பாள், பல் உடையும், முதுகில் ரெண்டு வைப்பாள். அப்புறம் நீயாகவேதான் அந்த முடியின் குணத்தைக் கண்டுபிடித்தாய்.

காய்ந்த முடியில் சீப்பே படக் கூடாது என்பாய். நனைத்துவிட்டு, நுனியிலிருந்து மேலே, பெரிய பல் சீப்பால். செம்பருத்தி இலையைக் கசக்கி அந்தக் கொழகொழப்பைத் தடவுவாய். தேங்காய்ப்பூத் துண்டு முடியைப் பிய்த்துவிடும் என்று அய்யாவின் பழைய வேட்டியைக் கிழித்து அதில் ஒற்றி எடுப்பாய், துவட்ட மாட்டாய். ஈரம் போவதற்குள் உள்ளங்கையில் நாலு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்துத் தடவுவாய். எண்ணெய் முடிக்கு ஈரம் தராது, இருக்கிற ஈரத்தைப் பூட்டி வைக்கத்தான் அது என்பாய். அப்புறம் காய்ந்து வரும்போது உன் தலையைப் பார்க்க வேண்டுமே. தெருவில் எந்த மகராசிக்கும் அப்படி ஒரு முடி கிடையாது.

இதுக்கெல்லாம் வேண்டியது ஒன்றே ஒன்று, நல்ல தண்ணீர். பார்த்துப் பார்த்து உன்னைக் கொடுத்த ஊரில் அதுதான் இல்லை. கடலோரம் இருக்கிற எங்களுக்கு மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுகிறது. கடலையே பார்க்காத திருவாடானைப் பக்கத்துக் கிராமத்தில் உனக்கு போர்வெல் குழாயைத் திறந்தால் உப்பு. அதில் குளித்தால் உன் முடி தேங்காய் நார்தான். அதனால் நீ உப்புத் தண்ணீரில் குளித்துவிட்டு, கடைசியாகத் தலையை அலச மட்டும் ஒரு குடம் நல்ல தண்ணீர் எடுத்து வைப்பாய். வெள்ளிக்கிழமைக்கு ஒரு குடம். அதையும் வேறு யாரும் சுமந்து வரவில்லை, நீதான் தள்ளுவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தாய்.

"குடிக்கத் தண்ணிக்கு நாக்கு வறண்டு கெடக்கு, மகாராணி தலைக்கு ஒரு கொடமா?" உன் மாமியார் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் சொல்வார். மச்சான் வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி உட்கார்ந்திருப்பார். நீயும்தான் என்ன பேசினாய்? கொழுந்தனார் கல்யாணத்துக்கு, போட்டோவில் பரட்டையாகத் தெரியக் கூடாது என்று ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போய் பார்லரில் முடியை நீட்டி விட்டார்களே, அப்போதாவது ஒரு வார்த்தை சொன்னாயா? மருந்து போட்ட முடி அந்த உப்புத் தண்ணீரில் கொத்துக் கொத்தாக ஒடிந்தது. மேலே சுருட்டையும் கீழே கோரையுமாக நீ நின்றதைப் பார்த்து நான் அழுதேன். "விடுடி, வளரும்" என்றாய். எல்லாவற்றுக்கும் விடுடி. உன் மேலும் எனக்குக் கோபம் உண்டு அக்கா. செத்தவள் மேல் கோபப்படக் கூடாது என்று யார் சொன்னது?

அந்த அடைமழை வாரத்தில் நீ தலைக்குக் குளித்தாய். மறுநாள் காய்ச்சல். சாதாரணக் காய்ச்சல்தான் என்று கசாயம் வைத்துக் கொடுத்து, போர்வையைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது உனக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. கொசுக்காய்ச்சல், ரொம்ப முற்றவிட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று டாக்டர் எங்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டுதான் சொன்னார்.

ஆனால் வீட்டு வாசலில் உன்னை இறக்குவதற்குள் கதை வேறாகிவிட்டது. "அடமழையில தலைக்கு ஊத்துனா. அந்த முடி என்னிக்குக் காஞ்சுச்சு? தண்ணி கோத்துக்கிட்டு அப்படியே உள்ள எறங்கிருச்சு. அந்த முடிதான் எம் மருமகளக் கொன்னுருச்சு." வந்தவர்களிடமெல்லாம் உன் மாமியார் இதைச் சொல்லிச் சொல்லி மாரில் அடித்துக்கொண்டார். வந்தவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நீ போன மறு வாரம் சுகாதாரத்தில் இருந்து ஆள் வந்து, கொல்லையில் தண்ணீர் சேர்த்து வைத்திருந்த டிரம்முக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். கொசுப்புழு துள்ளிக்கொண்டிருந்தது. டிரம்மைக் கவிழ்த்தபோது உன் மாமியார் அந்த ஆளைத் திட்டினார், குடிக்கிற தண்ணியைக் கொட்டுறானே பாவி என்று. டிரம்முக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னேன், பார்க்கவில்லை. தண்ணீர்தான் உன்னைக் கொன்றது, அதுவரைக்கும் சரி. அது உன் முடியில் இருந்த தண்ணீர் இல்லை.

உன்னைத் தூக்குவதற்கு முன்னால், குளிப்பாட்டுவதற்காக நீர்மாலை எடுத்துக் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாசலில் உன்னை உட்கார வைத்து, சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக உன் தலையில் எண்ணெய் வைத்தார்கள், சீயக்காய் வைத்தார்கள். நானும் வரிசையில் நின்றேன். எத்தனை கை எண்ணெய் அக்கா. உயிரோடு இருந்தபோது நாலு சொட்டு ஊற்றினால், சமைக்கிற எண்ணெய் இவள் தலைக்கே போகுது என்றவர்கள் கை வழிய வழிய ஊற்றினார்கள். கடைசியாக உன் மாமியார் ஒரு முழுக்குடத்தைத் தூக்கி உன் தலையில் கவிழ்த்தார். நல்ல தண்ணீர். என் மேலும் தெறித்தது, உதட்டில் பட்டது, அதனால் தெரியும். எனக்கு அழுகை நின்றுபோய்விட்டது. தர்ஷினி அப்போது உன் நாத்தனாரின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாராவது உள்ளே கூட்டிப்போயிருக்க வேண்டும். யாருக்கும் தோன்றவில்லை.

உன் தலைத்திவசம் முடிந்து, வந்த பொங்கலுக்கு நான் அங்கே போனேன். பிள்ளையின் பின்னலை அவிழ்த்துப் பார்த்தேன். அச்சு அசல் உன் முடி, ஆனால் தண்ணீரே காணாத முடி. பின்னந்தலையில் சிக்கு விழுந்து விழுந்து ஒரே கட்டியாக, தேன்கூடு மாதிரி இறுகிக் கிடந்தது. வாடை தெரியாமல் இருக்க மேலோடு பவுடரை அடித்து, இழுத்துப் பின்னி, ரிப்பன் கட்டிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். வா, நனைத்துச் சீவி விடுகிறேன் என்றேன். கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். "தண்ணி வேணாம் சித்தி. வேணவே வேணாம்."

உன் மாமியாரிடம் கேட்டேன்.

"நனைச்சாத்தான் அத்த சீப்பு எறங்கும். ஒரு நா எங்கிட்ட விடுங்க, பிரிச்சுருவேன்."

"நனைச்சு நனைச்சுத்தான ஒருத்தியப் பறிகுடுத்தோம். இதையும் குடுக்கணுமா?" என்றார். "களரிக்கு மொட்ட போடுறதா சாமிக்கு நேந்தாச்சு. முடி இருந்தாத்தான இந்தச் சனியன்."

"டாக்டர் கொசுன்னுதான சொன்னாரு?"

"கொசு எங்களயும்தான் கடிச்சுச்சு. நாங்க செத்தமா?"

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா, சொல்லப் பிடிக்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். அவர் நடிக்கவில்லை. பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கும்போதுகூட அதன் தலை ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்க்கிறார். அவர் கெட்டவராகவே இருந்திருந்தால் சண்டை போட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன். பயந்தவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மாசிக் களரிக்கு என்னை முறையாக அழைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே முடி இறக்க வேண்டும், நமக்குத்தான் கூடப்பிறந்தவன் இல்லையே. "அம்மா வீட்டு ஆளு நீதான, நீ உக்காரு" என்றார்கள். மரியாதை செய்கிறார்களாம். எந்த முடியைக் காப்பாற்ற நினைத்தேனோ அதை எடுக்க என் மடிதான் வேண்டியிருந்தது. உட்கார்ந்தேன். நான் இல்லாவிட்டால் வேறு யாராவது மடி.

பிள்ளை கத்தியைப் பார்த்துப் பயப்படவில்லை. முடி எடுப்பவர் கத்தியைத் தீட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவர் கிண்ணத்தில் கையை விட்டுத் தண்ணீரை அள்ளி அவள் உச்சியில் வைத்ததும் அலறினாள் பார், மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. என் மடியை விட்டு எழுந்து ஓடப் பார்த்தாள். நாலு பேர் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். "என்னடி, என்ன செய்யுது" என்று காதோடு கேட்டேன்.

"எல்லாரும் சேந்து அம்மா தலையில தண்ணி ஊத்துனாங்கள்ல சித்தி. அதுக்கப்புறந்தான அம்மாவத் தூக்கிட்டுப் போனாங்க."

அக்கா, நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

முடி எடுப்பவர் தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்தார். நனைந்ததும் அந்தக் கட்டி இளகிவிட்டது. கத்தி போட்டு என் மடியில் விழுந்த கற்றை ஒன்றை விரலால் பிரித்துப் பார்த்தேன், பிரிந்தது. சுருள் சுருளாக, உன்னுடையது மாதிரியே பிரிந்தது. ஒரு குடம் தண்ணீரும் ஒரு மத்தியானமும் போதுமாக இருந்திருக்கிறது. உன் மாமியார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சந்தனம் பூசினார். மச்சான் போட்டோ எடுத்தார்.

இப்போது லீவுக்கு இங்கே வந்திருக்கிறாள். கழுத்துக்குக் கீழேதான் குளிக்கிறாள். தலையை ஈரத்துணியால் துடைக்கக்கூட விடுவதில்லை. கொசு கடித்து வந்த காய்ச்சல் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "அப்பத்தா அப்படிச் சொல்லலயே" என்கிறாள். சொல்லிப் புரியவைக்கிற காரியம் இல்லை என்று விட்டுவிட்டேன். போன வெள்ளிக்கிழமைக்கு முந்தின வெள்ளி, கொல்லையில் அவளை உட்கார வைத்து, அவள் கண் முன்னால் நான் தலைக்குக் குளித்தேன். செம்பருத்தி இலை, பழைய வேட்டித் துணி, நாலு சொட்டு எண்ணெய், எல்லாம் உன் முறைதான். என் கோரை முடிக்கு இதெல்லாம் தேவையே இல்லை. அவள் தூணைப் பிடித்துக்கொண்டு கடைசி வரைக்கும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் என் நெற்றியில் ஏதோ பட்டு விழித்தேன். அவள் கை. "சுடல" என்றாள். எழுந்து போய்விட்டாள்.

போன வெள்ளியும் குளித்தேன். மறுநாள் காலையில் மறுபடியும் அதே கை. அன்றைக்குக் கண்ணாடி முன்னால் நின்று தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். முளைத்து வருகிற பூமுடி இப்போதே வளையப் பார்க்கிறது. "வளந்தா அம்மா மாதிரிச் சுருளுமா சித்தி?" என்று கேட்டாள். நான் சந்தோஷத்தில், "ஆமாடி, அப்படியே சுருளும்" என்றேன்.

"அப்ப வளர வேணாம்" என்றாள்.

லீவு முடிந்ததும் அவளை அனுப்பத்தான் வேண்டும். உன் மாமியார் இப்போதே போன் போட்டு, பிள்ளை தலையில் தண்ணீர் படவில்லையே என்று கேட்கிறார். படவில்லை அத்தை என்கிறேன். அது உண்மைதான், அதுதான் எனக்கு ஆத்திரம்.

அக்கா, உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வெள்ளிக்கிழமை தவறாமல் நான் தலைக்குக் குளிப்பேன். பள்ளிக்கூடம் திறந்த பிறகு ஒரு குடம் நல்ல தண்ணீரோடு பஸ் ஏறி வந்து, உன் மாமியார் வீட்டுக் கொல்லையில் உட்கார்ந்து, பிள்ளையும் அவரும் பார்க்கக் குளிப்பேன். ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் குளிப்பேன். ராத்திரி அங்கேயே தங்கி, காலையில் அந்தக் கை வந்து தொடுவதற்காகக் கண்ணை மூடிப் படுத்திருப்பேன். என்றைக்காவது ஒருநாள் அவளாகவே தலையைக் குனிந்து காட்டுவாள். அது எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. அதுவரைக்கும் எனக்கு ஒரு தும்மல்கூட வரக் கூடாது அக்கா. ஒருநாள் என் நெற்றி சுட்டாலும் போச்சு. நான் காய்ச்சலில் விழ மாட்டேன், இது சத்தியம்.

உன் முதுகுக்குப் பின்னால் பிறந்தவள்,
தர்ஷினியின் சித்தி,
ராஜி