டாக்டர் எழுதித் தந்த இரண்டு வரி

1942 ஜூலை 7, வெள்ளவத்தை

டாக்டர் நாகேந்திரத்திடமிருந்து இன்றும் பதில் இல்லை. இரண்டு தரம் எழுதிவிட்டேன். நகரசபை மருத்துவிச்சி வேலைக்கு விண்ணப்பம் போய்விட்டது. கடைசியாக வேலை செய்த இடத்து நற்சாட்சிப் பத்திரம் மட்டும் 20ஆம் திகதிக்குள் வேண்டும். கொட்டாஞ்சேனையில் அவருடைய பிரசவ விடுதியில் நாலு வருடம் இருந்தேன். ஒரு பக்கம் எழுத என்ன கஷ்டம்?

ஜூலை 9

நேரே போனேன். விடுதியை மூடிய பிறகு வீட்டில்தான் நோயாளிகளைப் பார்க்கிறார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "எழுதுவம், எழுதுவம். அடுத்த கிழமை வாரும்." பேனை கைக்குப் பக்கத்திலேயே கிடந்தது.

ஜூலை 10

"அந்தாளோட சண்டை பிடிச்சனியோ?" என்று கனகேஸ்வரி அக்கா கேட்டாள். ஒரு நாளும் இல்லை. காரணம் எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. ஜப்பான்காரன் குண்டு போட்ட காலை. முதல் நாளே டாக்டர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போய்விட்டார் — எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல். விடுதியில் பிரசவத்துக்கு வந்திருந்த கைருன்னிஸாவுக்கு வலி கண்டிருந்தது. துறைமுகப் பக்கம் வெடிக்க வெடிக்க ஜன்னல் கண்ணாடி கொட்டியது. நிலத்தில் மெத்தையைப் போட்டு அவளைக் கிடத்தினேன். பிள்ளை கால் முன்னாக வந்தது. தனியாகவே எடுத்தேன். தாயும் பிள்ளையும் சுகம்.

என்னைக் கண்டால் அவருக்கு அந்த நாள் ஞாபகம் வருகிறது. அதுக்கு நான் என்ன செய்ய? ஓடினது நானோ?

ஜூலை 16

மறுபடி போனேன். "இப்ப நேரமில்லை, பிள்ளை." போவதா, இருப்பதா? இருந்தேன்.

"டாக்டர், என்னைப் புகழ வேண்டாம். எப்ப சேர்ந்தனான், எப்ப விலகினனான், எத்தினை பிரசவம் பாத்தனான் — அவ்வளவும் எழுதினாக் காணும். உங்கட ரெஜிஸ்டரில இருக்கிறதுதானே."

கதிரையை விட்டு நான் எழும்பவில்லை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கடைசியில் எழுதினார். இரண்டு வரி. இரண்டு திகதி, 312 பிரசவம். நல்லவள் என்று ஒரு சொல் இல்லை.

போகட்டும். கையெழுத்து இருக்கிறது!

ஜூலை 18

புறக்கோட்டையில் கைருன்னிஸாவின் புருஷன் ஜாபிரின் புடவைக்கடை. அந்த நாளைப் பற்றி ஒரு கடிதம் வேண்டுமென்று நான் சொல்லி முடிக்க முதலே கடுதாசி எடுத்துவிட்டார்.

"டாக்டர் எங்க போனாரெண்டும் எழுதவா, மிஸி?"

"வேண்டாம். நான் செய்ததை மட்டும் எழுதுங்கோ."

அவரைப் பற்றி எழுதினால் கேள்வியெல்லாம் அவரைப் பற்றியே போகும். வேலை வேண்டியது எனக்கு.

ஜூலை 29

நேர்முகப் பரீட்சை. மூன்று பேர். நடுவில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா அந்த இரண்டு வரியை வாசித்தார். தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார்.

"நாலு வருடத்துக்கு இவ்வளவுதானா? ஏன்?"

காட்டிக்கொடுக்கவா? ஒரு சொல் போதும்.

"டாக்டர் தனக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார். அவர் இல்லாத ஒரு நாளைப் பற்றி மற்றக் கடிதத்தில் இருக்கிறது" என்றேன்.

ஜாபிரின் கடிதத்தை எடுத்தார். திகதி வந்த இடத்தில் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு கேட்டதெல்லாம் கால் முன்னாக வரும் பிள்ளையை எப்படி எடுப்பது என்றுதான். அதைக் கேட்டால் விடுவேனா! எழும்பி நின்று கையால் காட்டிச் சொன்னேன். மூன்று பேரும் பேனையை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 8

கிடைத்துவிட்டது. வெள்ளவத்தைப் பகுதி முழுக்க எனக்கு! தபால்காரன் ஒழுங்கை தாண்ட முதலே அக்கா நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

ஆகஸ்ட் 31

முதல் மாதம் பதினொரு பிரசவம். எல்லாம் சுகம். கால் வீங்கிவிட்டது. சந்தோஷம்.

நவம்பர் 22

காலையில் வாசலில் கார். கடற்கரைப் பக்கம் ஒரு வீடு, தலைப்பிள்ளை. மத்தியானத்துக்குள் பெண் குழந்தை பிறந்தது. நல்ல சத்தமான அழுகை.

தாய்க்காரி களைப்போடு சிரித்தாள். "அப்பாதான் சொன்னவர், பத்மாவதி மிஸியைத் தவிர வேற ஒருத்தரையும் கூப்பிட வேண்டாமெண்டு."

"ஆர் உங்கட அப்பா?"

விறாந்தைப் பக்கம் கையைக் காட்டினாள். கதவைத் திறந்தேன். டாக்டர் நாகேந்திரம், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். இந்தத் தரம் என் முகத்தைப் பார்த்தார்.

"இரண்டு பேரும் சுகம், டாக்டர். உள்ளுக்கு வாங்கோ" என்றேன்.