கறுப்புக் கம்பத்தில் அலுமினியப் பிடி

என் உசிரான அண்ணன், காக்காவுக்கு,

நீ செத்த படகை மாமா மறுபடியும் கடலில் இறக்கப் போகிறார். நீ நின்ற அதே இடத்தில் நின்று வலை இழுக்கப்போவது நம்ம தம்பி ஷமீர். கேட்டதும் எனக்கு ரத்தம் கொதித்தது.

உனக்குக் கபன் துணி கட்டிய அன்று, கடைசியாக முகம் பார்க்க வேண்டுமென்று உம்மா கேட்டாள். நான் திறக்க விடவில்லை. படகின் கம்பத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்து உன் முகத்தில் விழுந்த வலைக் கப்பி, பார்ப்பதற்கு என்ன மிச்சம் வைத்திருந்தது?

நேற்று படகு நிற்கும் தேங்காப்பட்டணம் துறைக்குப் போனேன். கப்பியைத் தொங்கவிட மாமா வாங்கிவந்த அந்தக் கறுப்புக் கம்பம் கார்பன் ஃபைபர். அவருக்கு அதுவும் நம்ம ஃபைபர் வள்ளம் மாதிரிதான். படகு வெறும் கண்ணாடி இழை. அதில் அலுமினியத்தை நேரே வைத்து முடுக்கினால் வருஷக்கணக்கில் கிடக்கும். கார்பனில் அப்படி வைத்தால், உப்புத்தண்ணீர் பட்டதும் அலுமினியம் அரித்துப் போகும். கப்பியைக் கம்பத்தோடு சேர்த்திருந்த, உன்னைக் கொன்ற பிடி படகின் மூலையில் கிடந்தது. கையில் எடுத்தேன், வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. கம்பத்தில் அதே ஓட்டையில் புதிதாக இன்னொரு அலுமினியப் பிடி. முடுக்கின முடுக்கில் ஓட்டையைச் சுற்றி விரிசல் வேறு.

"இதுக்கு அடியில ஷமீர நிறுத்தப்போறியளா மாமா?"

"ஒனக்க காக்காக்க மவுத்து அல்லா நெனச்சது, மோளே. சாவுக்குப் பிடி என்ன செய்யும்?"

சம்மட்டியை எடுத்தேன். பிடி நெளிந்து தெறிக்கும்வரை அடித்தேன். தடுக்க வந்த மாமாவின் கையிலும் ஒன்று விழுந்தது. தெரிந்தேதான் அடித்தேன், காக்கா. வருத்தமே இல்லை.

"ஏட்டி, ஒனக்குப் பிராந்தா?" என்று கையைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

"ஆமா, பிராந்துதான், பைத்தியந்தான். காக்காக்க மொகத்த நீங்க பாக்கல்ல. நான் பாத்தேன்."

ஷமீர்தான் வந்து என் கையிலிருந்து சம்மட்டியை வாங்கினான். "கடலுக்குப் போவாம எப்பிடி லாத்தா? புதுப் பிடிய நீயே மாட்டித் தா" என்றான்.

நாகர்கோவில் பட்டறையில் செயற்கைக் கால்களுக்காகத் தினமும் கார்பனில் போல்ட் மாட்டுகிறவள் நான். கம்பத்தில் விரிசல் விட்ட பாகத்தை அப்போதே அறுத்து எறிந்தேன். நல்ல இடத்தில், உலோகம் கார்பனைத் தொடாதபடி முதலில் கண்ணாடி இழைத் துணி ஒட்டுவேன். அங்கே புதிதாகப் போடும் ஓட்டைக்குள் துருப்பிடிக்காத எஃகுக் குழாயைப் பசை வைத்து இறக்கி, அதே எஃகில் செய்த பிடியை மாட்டி, அகல வாஷர் போட்டு, கம்பம் நசுங்காத அளவுக்கு மட்டும் முடுக்குவேன்.

கடலுக்குப் போகுமுன் கரையிலேயே வலையில் கல் நிறைத்துத் தூக்கிப் பார்ப்போம். அப்போது கப்பிக்கு அடியில் ஷமீர் நிற்க மாட்டான், நான் நிற்பேன். பிய்ந்தால் என் முகத்தில் விழட்டும். இன்னொரு பிள்ளையின் முகத்தை உம்மாவிடம் மறைக்க என்னால் முடியாது.

உன் கூடப்பிறந்தவள்,
ஜமீலா