மூன்றாவது நகலில் பட்டா

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள சினேகா,

நலமா? போனை எடுக்காதவளிடம் தபாலில்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இங்கே அம்மாவும் நானும் நலம். நேற்று பெய்த மழையில் மாடிப்படி ஒழுகுகிறது, மற்றபடி குறையில்லை. தபாலில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. இத்துடன் இருக்கும் தாள்களை நீ கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். திரையில் பார்த்தால் எல்லா எழுத்தும் அழகாகத்தான் தெரியும்.

உன் கம்பெனி கேட்பது எனக்குப் புரியாமல் இல்லை. அந்த ஆங்கில எழுத்துரு புத்தகத்துக்கென்றே பிறந்தது. கோடுகளின் முனையில் சின்னப் பாதம், இறங்கும் கோட்டில் தடிப்பு, குறுக்குக் கோட்டில் மெலிவு. கொஞ்ச இடத்தில் நிறைய சொற்களை அடக்கிவிடும். பாடநூலோ ஆராய்ச்சி ஏடோ கோர்ட்டுத் தீர்ப்போ, அதில் அச்சானாலே ஒரு மரியாதை வந்துவிடுகிறது. எனக்கும் அது பிடிக்கும். அதன் பக்கத்தில் நிற்க ஒரு தமிழ் எழுத்து வரையத்தானே மூன்று வருடமாக நீ நெதர்லாந்திலும் நான் இங்கேயும் கண்ணைக் கெடுத்துக்கொள்கிறோம்.

ஆனால் ஜோடிப் பொருத்தத்துக்காகத் தமிழ் எழுத்துக்கும் பாதம் ஒட்டச் சொன்னால் எப்படி? நீ சரியென்று கையெழுத்துப் போட்டுவிட்டாய். நான் போட மாட்டேன் என்றேன். மலையடிவாரத்துல உக்காந்துக்குனு வீம்பு பண்ற, இங்க என் வேலை போனா நீயா சோறு போடுவன்னு கேட்டாய். போடுவேன் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

கலெக்டர் ஆபீஸ் எதிரில் தனம் அக்காவின் ஜெராக்ஸ் கடை உனக்கு நினைவிருக்கும். நேற்று மனு நாள், காலையிலிருந்து அங்கேதான் இருந்தேன். நம் எழுத்து போய்ச் சேரப்போகும் இடம் அதுதான் சினேகா. அச்சடித்த மனுவை யாரும் அப்படியே கொடுப்பதில்லை. நகல் எடுப்பார்கள், நகலுக்கு நகல் எடுப்பார்கள். அதிகாரி கையில் கிடைப்பது பெரும்பாலும் மூன்றாவது நகல். ஆகவே பட்டா மாற்றம் கேட்டு நானே ஒரு மனு எழுதி, நீ வரைந்த எழுத்தில் ஒன்றும் நான் வரைந்ததில் ஒன்றும் அச்சடித்து, அதே மாதிரி நகலுக்கு நகல் எடுக்கச் சொன்னேன்.

உன் தாளைப் பார். ப, ட இரண்டுக்கும் அடி தட்டை. பக்கவாட்டில் பாதம் நீட்டியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மூன்றாவது நகலில் பட்டாவின் அடியில் ஒரே தடித்த கோடு. எதுக்குமா பட்டாவுக்கு மட்டும் அடிக்கோடு போட்டுக்கிறன்னு தனம் அக்கா கேட்டார். எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்கப்போவதில்லை.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிலைக்கவில்லை. உன் ஊர்க்காரர் ஒருவர், கீழ்பென்னாத்தூர் ஆதிமூலம், மனுவோடு நின்றிருந்தார். இரண்டு தாளையும் படித்துக் காட்டச் சொன்னேன். மனு குடுக்க வந்தேம்மா, பரீட்சை எழுத வரலன்னு முறைத்தார். டீ வாங்கிக் கொடுத்த பிறகு படித்தார். உன் தாளில் பட்டாவில் தடுக்கினார். என் தாளில் பட்டாவைத் தாண்டி வேகமாக வந்தவர் திருவண்ணாமலையில் நின்றுவிட்டார். இன்னாமா இது, நம்ம ஊரு பேர்லயே மை கொட்டி வச்சிக்கிறன்னார்.

வாங்கிப் பார்த்தேன். என் ண மூன்று சுழியும் அடைத்துப்போய்க் கரும்புள்ளியாக இருந்தது. உன் ண-வில் ஒவ்வொரு சுழியும் திறந்தே இருக்கிறது. பூரி மாதிரி உப்பியிருக்கிறது என்று நான் கேலி செய்த அதே ண. ஜெயித்தது நீதான். சங்கடமாகத்தான் இருந்தது, ஆனால் பெருமையாகவும் இருந்தது.

பொழுது சாய்வதற்குள் சாப்பிட வேண்டும் என்று அம்மா வழக்கம்போல் போன் மேல் போன். சாப்பிடும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தப் பொண்ணுக்குக் கோவம் ஜாஸ்தி, உனக்குப் பொறுமை கம்மி, ரெண்டு பேரும் சேந்தாத்தான் ஒரு ஆளுன்னாள் அம்மா.

இன்று காலை பாதங்களை எடுத்துவிட்டு, உன் சுழிகளை வைத்துப் புதிதாக ஒரு தாள் அச்சடித்தேன். அதன் மூன்றாவது நகலும் இதில் இருக்கிறது. பட்டாவும் நிற்கிறது, திருவண்ணாமலையும் தெளிவாக இருக்கிறது. இதைவிட நல்ல எழுத்தை நாம் இதுவரை வரைந்ததில்லை. யார் கேட்டாலும் சொல்வேன்.

கம்பெனிக்கு ஒரு கடிதமும் வைத்திருக்கிறேன். தமிழுக்குப் பாதம் வேண்டாம், காரணம் இந்த நகல்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பக்கத்தில் உனக்கு இடம் விட்டிருக்கிறேன். போட்டால் உன் வேலைக்கும் விசாவுக்கும் ஆபத்து என்று தோன்றினால் போடாதே. அப்போது அவர்கள் கேட்டபடியே பாதத்தோடு கொடு, என் பெயரை மட்டும் எடுத்துவிடச் சொல்கிறேன். உன்னைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை தப்பாகப் போகாது. இதைக் கோபத்தில் சொல்லவில்லை, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ. நேரத்துக்குச் சாப்பிடு. நீ நல்லபடியாக இருக்க வேண்டும் என்று அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள். பௌர்ணமிக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது, அந்த நாளை விட்டுவிட்டு எந்த நாளில் வேண்டுமானாலும் ஊருக்கு வா. எழுத்து விஷயத்தில் நீ என்ன முடிவு எடுத்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். என்னோடு பேசாமல் மட்டும் இருக்காதே, அதைத் தாங்க என்னால் முடியவில்லை.

உன்
அனுபமா