சோலைமலை வீட்டுக்கு ஒரு சாம்பல் கிளி

சென்னை

அம்மாவுக்கு அன்பரசன் வணங்கி எழுதுவது. நான் சௌக்கியம். உன் முழங்கால் வலி தேவலையா?

போன வாரம் நம் பட்டாசு முதலாளி சோலைமலை, நான் வேலை பார்க்கும் கிளிக் கடைக்கு வந்தார். பதறாதே, டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

"பெரிய கிளியா ஒண்ணு வேணும்ப்பா. பஞ்சவர்ணக் கிளி எடுக்கவா, வெள்ளைக் கொண்டைக் கிளி எடுக்கவா?" என்றார்.

பஞ்சவர்ணம் வெறும் அழகுதான், கொண்டைக் கிளி கதவையெல்லாம் கடித்துக் குதறும் என்று சொல்லி, சாம்பல் கிளியைக் காட்டினேன். கேட்ட குரலை அப்படியே பேசும். ஐம்பது வருஷம் உயிரோடு இருக்கும்.

"அப்ப இதையே பேசப் பழக்கி வையி. ரெண்டு மாசத்துல வந்து எடுத்துக்கிடுதேன்."

தங்கச்சி வெடி விபத்தில் செத்தபோது, சூலக்கரை கலெக்டர் ஆபீசில், கலெக்டர் முன்னால் இதே ஆள், "பொன்மணியா? அப்படி ஒரு பிள்ளை எங்க கம்பெனியில வேலையே பாக்கலை" என்று சொன்னாரே!

நானே அவள் பேரைக் கிளிக்குச் சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். அந்தப் பேரை எடுத்ததுமே எழுந்து கடைக்கு வெளியே போய்விடுகிறேன். அதனால் நீ, சாயங்காலம் கம்பெனி வாசலில் நின்று, "ஏ பொன்மணி, வா தாயி, வீட்டுக்குப் போவோம்" என்று கூப்பிடுவாயே, அதே மாதிரி போனில் பேசிப் பதிவு பண்ணி அனுப்பு.

கடைக்கு ஆள் வந்துவிட்டது. பேசும்போது அழுகை வந்தால் அடக்காதே அம்மா. கிளி அதையும் படிக்கட்டும்.

அன்பரசன்