வெர்டெல் அம்மா கேட்ட டாக்டர்

கிளியோபஸ்,

வான்கோழி போட்ட கீரை அடுப்பில் இருக்கிறது. சோள ரொட்டியைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். இன்னும் என்மேல் கோபம்தான், தெரியும். ஆனாலும் இதைக் கேளுங்கள், சிரிப்பில் எழுத்தே கோணுகிறது!

ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து, மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சாட்சி சொன்னேனே, அப்போது நம் சபைக்கே தாய் மாதிரி இருக்கும் வெர்டெல் அம்மா சீறியது நினைவிருக்கிறதா? "நம்ம கறுப்பு ஜனத்துக்கு ஜெபம் போதாதா? மாத்திரை எதுக்குடி?" மூப்பரான நீங்களும் தலையைக் குனிந்துகொண்டீர்கள். அதே வெர்டெல் அம்மா இன்று காலை போன் செய்தார்!

"ஏண்டி லுவீனியா, அந்த டாக்டர் நல்லவரா? எங்க வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லடி. ஜெபத்தை விடச் சொல்லிடுவாரோ?"

"ரெண்டையும் சேர்த்தே பண்ணலாம்மா."

"அப்போ வண்டிய எடுடி!"

அவரை அழைத்துப் போகிறேன். இருட்டுவதற்குள் வந்துவிடுவேன்.

லுவீனியா

பி.கு.: போதகர் வந்தால், நான் மனநல டாக்டரிடம் போயிருப்பதாகத் தைரியமாகச் சொல்லுங்கள். வெர்டெல் அம்மா பேரை மட்டும் எடுக்காதீர்கள், என்னைக் கொன்றுவிடுவார்.

இன்னொன்று. வேலை முடிந்து வந்தும் வண்டியைவிட்டு இறங்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருக்கிறீர்களே, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். உங்களுக்கும் அந்த டாக்டரிடம் ஒரு நாள் கேட்டு வரட்டுமா, கண்ணு?