சொன்னால் கேட்காத நரம்பு

டிசம்பர் 9, செவ்வாய் இரவு

காலையில் கல்லூரியில் முதலாமாண்டு வகுப்பில் மூச்சுக்குழாய் நரம்புகளை நடத்தினேன். குழாயைச் சுற்றியுள்ள தசையை இறுக்கும் இழைகளும் தளர்த்தும் இழைகளும் ஒரே நரம்புக்கட்டில்தான் வருகின்றன, இரண்டுமே நம் பேச்சைக் கேட்காது என்றேன். கடைசி பெஞ்சில் சிரித்தார்கள்.

மாலையில் மறைமலை நகர் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த என் கணவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். இன்ஹேலர் எடுத்தும் இழுப்பு அடங்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கி, "ரிலாக்ஸ் பண்ணுங்க, ப்ளீஸ், கொஞ்சம் ரிலாக்ஸ் பண்ணுங்க" என்று கத்தினேன். காலையில் பாடம் நடத்திய அதே வாய்.

"நான் பண்றேன்டி... அதுதான்... கேக்க மாட்டேங்குது" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் ஒரு மூச்சு.

செம்பாக்கம் ஏரிக்கரை கிளினிக்கில் நெபுலைசர் வைத்தார்கள். "இன்னிக்கு நைட் இங்கயே இருக்கட்டும் மேடம்" என்றார் டாக்டர். இவர் பிடிவாதமாக மறுத்தார். நாளைக்கு இன்னொரு லீவு போட்டால் வேலை போய்விடுமாம். அழைத்து வந்துவிட்டேன். ஏன் அழைத்து வந்தேன்?

உள்ளறையில் அவர் நெஞ்சின் விசில் கேட்கிறது. அது கேட்கும்வரை காற்று போகிறது. நின்றால் தசை தளர்ந்திருக்கலாம். இல்லையென்றால் காற்றே போகாமல் அடைத்திருக்கலாம். இங்கிருந்து கேட்டால் இரண்டும் ஒன்றுதான். இதையும் நான்தான் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன்.

இந்த வரியை எழுதும்போது சத்தம் இல்லை. போய்ப் பார்க்கிறேன்.